சிற்றூழியரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்? வாட்டில் பணி ஒப்படைப்பு பற்றிய ஒரு விளக்கம்

அரச வைத்தியசாலை வாட்டில் ஒரு நாள் துணைக்கு நின்றவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். நோயாளியைத் துடைத்துவிடுபவர் சிற்றூழியர். சிறுநீர் சேரும் பையை வெறுமையாக்குபவரும், எக்ஸ்றேக்கு ரொலியில் தள்ளிக்கொண்டு போபவரும் அவரே. "மிஸ்ஸிமார் மேசையில இருந்து எழுதுகினம், வேலையெல்லாம் அற்றென்டன்தான்" என்ற குறை அங்கிருந்துதான் கிளம்புகிறது. எங்காவது நோயாளி ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி வந்துவிட்டால் குறை கோபமாகிறது. இதைச் செய்ய அவருக்கு யார் அனுமதி கொடுத்தது என்று முகநூலில் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. வழக்கமாக வரும் இரண்டு பதில்கள்தான் பிழை. எல்லாவற்றையும் தாதியே செய்ய வேண்டும் என்பது ஒன்று. கட்டில் நிரம்பித் தரையிலும் பாய் விரித்திருக்கும் வாட்டில், இரவு 7 மணி தொடக்கம் காலை 7 மணி வரை நிற்கும் சில தாதியரால் அது ஆகாது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாதியர் பலர் வெளிநாடு போனதில் இந்த இறுக்கம் இன்னும் கூடியது. "சின்ன வேலைதானே, ஆர் செய்தால் என்ன" என்பது மற்றது. வாட்டில் நடக்கும் தீங்குகளில் கணிசமானவை இந்தச் சின்ன வேலைகளுக்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன.

யார் யார்?

தாதிய உத்தியோகத்தர் என்பவர் மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சியோ தாதியியல் பட்டமோ பெற்று, இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு செய்தவர். பேரவை 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சிற்றூழியருக்கு அப்படியொரு பதிவு இல்லை. பத்திரத்தில் சுகாதாரப் பணி உதவியாளர் என்று எழுதினாலும் பேச்சில் அற்றென்டன்தான். அவருடைய பயிற்சி குறுகியது, பெரும்பாலும் வேலையோடு வேலையாகப் பழகியது. எந்த வாட்டுக்கு எந்தச் சிற்றூழியர் என்பதைப் பெரும்பாலும் மேற்பார்வையாளர்தான் தீர்மானிப்பார், தாதி அல்ல. இந்தக் கடைசி விடயம் சிறிதாகத் தெரிந்தாலும் பின்னால் பெரிதாக வந்து நிற்கும்.

வாட்டில் நடக்கும் வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

1. வழமைப் பணி. கட்டில் விரிப்பது, பெட்பான் கொடுப்பது, தளபாடம் துடைப்பது, மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது போன்றவை. இவை சிற்றூழியரின் சொந்த வேலை. தாதி நினைவூட்டலாம், ஒழுங்குபடுத்தலாம்.

2. ஒப்படைக்கும் பணி. இயல்பில் தாதியப் பராமரிப்பைச் சேர்ந்தது, ஆனால் பயிற்றப்பட்ட உதவியாளர் கைகளால் செய்யக்கூடியது. வெப்பநிலை பார்ப்பது, சிறுநீர் அளப்பது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்கும் திறன் சரியென்று உறுதியான ஒருவருக்குச் சாப்பாடு ஊட்டுவது இந்த வகை.

3. ஒப்படைக்க முடியாத பணி. நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, மருந்து கொடுப்பது, கொடுத்ததன் விளைவைத் தீர்மானிப்பது.

முதலாவதிலும் மூன்றாவதிலும் சண்டை குறைவு. சிக்கல் எல்லாம் நடுவில்தான். அங்கே தாதி கொடுப்பது கை வேலையை மட்டுமே. அளந்து வந்த எண்ணுக்கு என்ன பொருள், அடுத்து என்ன செய்வது என்ற முடிவு தாதியிடமே இருக்கிறது. வேலையோடு சேர்த்து அந்த முடிவும் சத்தமில்லாமல் கைமாறிவிடும் இடத்தில்தான் பிழை நடக்கிறது.

ஐந்து சோதனைகள்

அமெரிக்காவின் மாநிலத் தாதியர் சபைகளின் தேசிய ஒன்றியம் பணி ஒப்படைப்புக்கென 1990களில் முன்வைத்த 'ஐந்து சரிகள்' இன்று பல நாடுகளில் தாதியப் பாடத்தில் இருக்கின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது சுலபம். வாட்டில் அவை எப்படித் தோற்கின்றன என்பதுதான் முக்கியம்.

1. சரியான பணி. எத்தனை தரம் செய்தாலும் ஒரே படிமுறை, நடுவில் யோசித்து மாற்ற வேண்டிய தேவை இல்லை, விளைவை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லலாம். இந்த மூன்றும் பொருந்தினால் கொடுக்கலாம்.

2. சரியான சூழ்நிலை. பணி ஒன்றுதான், நோயாளி வேறு. நான்கு நாள் கழித்து வீடு போகத் தயாராக இருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடுவது சிற்றூழியர் வேலை. கழுத்தெலும்பில் காயம் என்று சந்தேகிக்கப்படுபவரை அதே துடைப்புக்காகப் புரட்டுவது அப்படி அல்ல. தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டு கட்டளை கொடுக்க, மற்ற மூவர் உடம்பை ஒரே மரக்கட்டை போலத் திருப்ப வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் தாதியோ வைத்தியரோ ஆக இருக்க வேண்டும். காலையில் கொடுக்கத் தகுந்த வேலை பிற்பகலில் தகாததாகிவிடலாம். நேற்று எழுந்து நடந்த ஐயாவுக்கு இன்று மயக்கம் இருந்தால், குளியலறைக்குக் கூட்டிப் போவதும் இன்று வேறு வேலை.

3. சரியான ஆள். "பத்து வருசமா இஞ்சதான் நிக்கிறார்" என்பது தகுதி ஆகாது. இந்த வேலையை யாராவது அவருக்குக் காட்டிக்கொடுத்தார்களா, அவர் செய்வதை ஒருவர் பார்த்துச் சரியென்றாரா என்பதே கேள்வி. குழந்தைகள் வாட்டில் இருந்து அன்றைக்கு மட்டும் சத்திரசிகிச்சை வாட்டுக்கு அனுப்பப்பட்டவர் அனுபவசாலியாக இருக்கலாம், ஆனால் காயத்தில் பொருத்திய வடிகுழாயை அவர் கண்டிருக்க மாட்டார்.

4. சரியான அறிவுறுத்தல்.

5. சரியான மேற்பார்வை.

கடைசி இரண்டையும் விளக்கப் பொதுப் பேச்சு போதாது. யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு வாட்டுகளை நிரப்பும் டெங்குவையே எடுத்துக்கொள்ளலாம்.

டெங்கு நோயாளியின் சிறுநீர்: ஒரு எண் தொலையும் விதம்

டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும் ஆபத்துக் கட்டம் ஒன்று உண்டு. இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும் நேரம் அது. திரவம் குறைந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூடினால் கசிந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சு முட்டும். நடுவில் உள்ள ஒடுங்கிய பாதையில்தான் வைத்தியர் நடக்கிறார். அதற்கு அவர் பார்ப்பவை நாடித்துடிப்பு, குருதி அமுக்கத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம், குருதிச் செறிவு, மணித்தியாலச் சிறுநீர். வளர்ந்தவருக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு மணித்தியாலத்துக்கு 0.5 தொடக்கம் 1 மில்லிலீற்றர் வரை சிறுநீர் போனால் திரவம் அளவாகப் போகிறது என்று பொருள். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 25 தொடக்கம் 50 மில்லிலீற்றர். ஒரு சிறிய தேநீர்க் கோப்பையின் கால்வாசி அளவு.

இப்போது வாட்டில் சாதாரணமாகக் கேட்கும் ஒரு வசனம்:

"அண்ணை, 12ஆம் கட்டில் பெடியன்ர யூரினை ஒருக்காப் பாத்து ஊத்தி விடுங்கோ."

"ஓம் மிஸ்ஸி."

காலை 6.30க்கு அண்ணை போகிறார். பையில் 300 மில்லிலீற்றர் இருக்கிறது. பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார். சொன்னதைச் சொன்னபடியே செய்தார். 7 மணிக்குத் தாதியர் மாறுகிறார்கள். பை வெறுமை, தாளில் கடைசியாக எழுதியது 2 மணிக்கு. புதிதாக வந்த தாதிக்கு ஐந்து மணித்தியாலத்தில் சிறுநீரே போகாத நோயாளி ஒருவர் கிடைக்கிறார். அந்தத் தாளை நம்பி வைத்தியர் திரவத்தைக் கூட்டினால், ஏற்கெனவே அளவுக்கு மேல் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இன்னும் திரவம் ஏறும். 2 மணி தொடக்கம் 6.30 வரை நாலரை மணித்தியாலம். கணக்குப் போட்டால் 300ஐ 4.5ஆல் பிரித்து மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 67. 50 கிலோகிராம் எடையுள்ள இந்தப் பெடியனுக்கு அது குறைவு அல்ல, கூடுதல். திரவத்தைக் குறைக்க யோசிக்க வேண்டிய நேரத்தில் கூட்டியாகிறது.

இதில் சிற்றூழியரைக் குற்றம் சொல்ல இடம் குறைவு. அறிவுறுத்தலில் ஐந்து உறுப்புகள் இருக்க வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எப்போது, எப்படி, எந்த எல்லை தாண்டினால் திரும்பி வர வேண்டும், யாரிடம் வர வேண்டும். மேலே உள்ள வசனத்தில் முதலாவதே அரைகுறை. அதே வேலையை இப்படிக் கொடுக்கலாம்:

"அண்ணை, 12ஆம் கட்டில் பெடியனுக்கு டெங்கு. மணித்தியாலத்துக்கு ஒருக்கா யூரின் அளக்கோணும். பையில இருந்து அளவுக் குவளைக்குள்ள எடுத்து, மேசையில வச்சு, கண் மட்டத்தில பாத்து, நேரத்தையும் அளவையும் இந்தத் தாளில எழுதுங்கோ. 25க்குக் கீழ வந்தாலோ 50க்கு மேல போனாலோ எழுதிப்போட்டு விடாதேங்கோ, உடன வந்து எனக்குச் சொல்லுங்கோ. நான் இல்லாட்டி மற்ற மிஸ்ஸியிட்டச் சொல்லுங்கோ. எத்தினையில எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"25க்குக் கீழ, 50க்கு மேல, மிஸ்ஸி."

அரை நிமிடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அந்தக் கடைசித் திருப்பிச் சொல்லல் மரியாதைக் குறைவு என்று சில தாதியர் கூச்சப்படுவதுண்டு, அதுவும் தன்னைவிட இருபது வயது மூத்த அண்ணையிடம் கேட்கும்போது. கேட்கத்தான் வேண்டும். தென்பகுதியில் இருந்து நியமனம் பெற்று வந்த, சிங்களம் பேசும் தாதியும் தமிழ் மட்டும் பேசும் சிற்றூழியரும் சேர்ந்து நிற்கும் வாட்டில் இது இன்னும் அவசியம். அங்கே எண்களை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தாளில் இலக்கமாக எழுதிக் கொடுப்பது நல்லது.

குவளை ஏன்? 2 லீற்றர்ப் பையில் உள்ள கோடுகளை வைத்து 25 மில்லிலீற்றரைச் சொல்ல முடியாது. பை கசங்கியோ சரிந்தோ இருந்தால் பிழை இன்னும் பெருக்கும். குவளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே குவளையோடு கட்டில் கட்டிலாகப் போனால் ஒருவரின் கிருமி மற்றவரின் கதீற்றருக்கு, அதாவது சிறுநீர்க் குழாய்க்குப் போகும். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் முட்டவும் கூடாது. ரொலியில் கொண்டுபோகும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றில் வைப்பது நம் தாழ்வாரங்களில் அன்றாடம் காணும் பிழை.

மேற்பார்வை என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. முதல் தடவை கூட நின்று பார்ப்பது, பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளைப் பார்ப்பது, எண் நோயாளியோடு ஒத்துப்போகிறதா என்று யோசிப்பது. வாட் முழுக்க எல்லோருக்கும் சுவாச வீதம் 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். சுவாசத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழை நாலு மூச்சுப் பிழையாகும். நோயாளி மோசமாவதை முதலில் காட்டும் எண்களில் அது ஒன்று. வாட்டில் அதிகம் கற்பனையாக எழுதப்படுவதும் அதுதான்.

சின்ன வேலை போலத் தெரிபவை

சாப்பாடு ஊட்டுதல். பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் பார்க்கப்படும் வரை வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீரும்தான். பார்த்துச் சரியென்றான பிறகு ஊட்டுவதைச் சிற்றூழியரிடம் கொடுக்கலாம். நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால், விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். இருமல், தொண்டையில் தண்ணீர் தேங்கியது போன்ற குரல், மூச்சு வாங்கல் எது வந்தாலும் உடனே நிறுத்திக் கூப்பிட வேண்டும். முடிந்த பின் குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். மூக்குக் குழாயால் கொடுப்பது வேறு கதை. குழாயின் நுனி இரைப்பையில் இருக்கிறதா நுரையீரலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்துவது மதிப்பீடு, தாதியின் வேலை.

இரத்தச் சீனி. விரல் நுனியில் குத்திப் பார்ப்பதைப் பயிற்றப்பட்ட உதவியாளரிடம் கொடுக்கும் இடங்கள் உலகில் உண்டு. கொடுப்பதானால், விரலைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும் என்பதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். மாம்பழம் சாப்பிட்ட விரலில் ஒட்டிய இனிப்பு எண்ணை ஏற்றிக் காட்டும், அந்தப் பொய் எண்ணுக்கு இன்சுலின் ஏறும். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் அந்த நிமிடமே தாதிக்குத் தெரிய வேண்டும். எத்தனை அலகு இன்சுலின் என்பதும் ஊசியும் ஒருபோதும் கைமாறாது.

உடம்பு துடைத்தல். நோயாளியின் முதுகை முழுதாகக் காண்பவர் பெரும்பாலும் சிற்றூழியர் மட்டுமே. வால் எலும்பு, குதிக்கால், இடுப்பு ஓரம் ஆகிய இடங்களில் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளிறாவிட்டால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடாகவோ தடிப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் துடைக்க மட்டும் அனுப்பினால் வாட்டின் மிகப் பெறுமதியான கண்ணை வீணாக்குகிறோம்.

இரத்தம் கொண்டுவருதல். இரத்த வங்கியில் இருந்து பையை எடுத்துவருவது சிற்றூழியரின் வழமைப் பணிதான். வழியில் தேநீர் குடிக்க நிற்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. குளிரில் இருந்து எடுத்து 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். வாட்டில் உள்ள சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது தீர்வாகாது. கட்டிலடியில் பெயரையும் ரிக்கற் (நோயாளியின் வாட் பதிவேடு) இலக்கத்தையும் பையோடு ஒப்பிடுவது தகுதி பெற்ற இருவர் செய்ய வேண்டியது, சிற்றூழியரை இரண்டாம் ஆளாகச் சேர்க்கக் கூடாது.

ரொலியில் கொண்டுபோதல். ஒட்சிசன் ஏறிக்கொண்டிருப்பவர், நினைவு மங்கியவர், குருதி அமுக்கம் தளும்புபவர் என்றால் தாதியோ வைத்தியரோ கூடப் போக வேண்டும். ஒட்சிசனின் வேகத்தை மாற்றுவது மருந்தின் அளவை மாற்றுவதற்குச் சமம். சாதாரண முகமூடியில் நிமிடத்துக்கு 5 லீற்றருக்குக் கீழே குறைத்தால், நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். சிலிண்டர் முடியப்போகிறதே என்று நல்ல எண்ணத்தில் வேகத்தைக் குறைப்பவர்களுக்கு இது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சேலைன். போத்தல் முடிந்தால் கூப்பிடலாம். புதியதை மாற்றுவதும், துளி வேகம் கூட்டிக் குறைப்பதும் கூடாது. உள்ளே பொற்றாசியம் சேர்த்திருக்கக்கூடும், அதன் வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

பாவித்த ஊசி. ஒப்படைக்கவே கூடாத இன்னொன்று, அடிக்கடி ஒப்படைக்கப்படுவதும் இதுதான். குத்தியவரே அந்த இடத்திலேயே கூர்ப்பொருள் பெட்டிக்குள் போட வேண்டும். தட்டில் பஞ்சுக்குக் கீழே கிடக்கும் ஊசி அதைத் துப்புரவாக்கும் சிற்றூழியரின் விரலில் ஏறும்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை

ஒப்படைப்பு இரண்டு பேரின் சம்மதத்தில் நிற்பது. தெரியாத வேலையைச் சிற்றூழியர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். நம் வைத்தியசாலைகளில் அது எளிதாக நடப்பதில்லை. தெரியாது என்றால் வேலைக் கள்ளன் என்ற பெயர் வரும். தெரியும் என்று சொல்லித் தப்பிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. மறுபக்கமும் உண்டு. சிற்றூழியர் வந்து "அந்த அம்மா ஒரு மாதிரி இருக்கிறா மிஸ்ஸி" என்று சொன்னால், எண் எதுவும் இல்லை என்பதற்காக அதைத் தட்டிவிடுவது. ஒரே நோயாளியைப் பலதரம் தொட்டுத் தூக்கியவர் உணரும் மாற்றம் அது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு தரம் வந்து ஏச்சு வாங்கியவர் மூன்றாம் தரம் வரமாட்டார்.

துணைக்கு நிற்பவருக்கு வேலை இறங்கும்போது

தாதி சிற்றூழியரிடம் கொடுத்ததை, அவர் கட்டிலடியில் நிற்கும் மகளிடம் கொடுத்துவிடுவது இங்கே சர்வசாதாரணம். "பிள்ளை, அப்பாவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விடுங்கோ." ஒப்படைத்த பணியை இன்னொருவருக்கு மறு ஒப்படைப்புச் செய்யச் சிற்றூழியருக்கு அதிகாரம் இல்லை. மகள் உதவலாம், விரும்பியும் உதவுவார். அப்படியானால் அதைத் தாதி நேரே அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். உறவினருக்கும் சில எல்லைகள் உண்டு. குடிக்கக் கொடுத்த இளநீரையும் கஞ்சியையும் அளவோடு தாளில் எழுதிவிக்க வேண்டும். ஒட்சிசன் திருகியையும் சேலைன் உருளியையும் தொடக் கூடாது. பெட்பானில் இருப்பதைக் கேட்காமல் ஊற்றக் கூடாது. ஒரு வேலையைச் சிற்றூழியர் செய்வதைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், "இதை மிஸ்ஸி சொன்னவவோ?" என்று கேட்பதில் பிழை இல்லை.

பொறுப்பு யார் தலையில்?

பிரித்தானியத் தாதியர், மருத்துவமாதர் பேரவையின் 2018 ஒழுக்கக்கோவையில் 11ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒப்படைக்கும் முடிவுக்குத் தாதி பதில் சொல்ல வேண்டும். அந்த ஆளின் திறனுக்கு உட்பட்டதையே கொடுக்க வேண்டும். போதிய மேற்பார்வை இருக்க வேண்டும். முடிவு எதிர்பார்த்த தரத்தில் வந்ததா என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். இலண்டனில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது பழகிய விதி. கனடாவின் ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஊசி போடுதல் போன்றவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட செயல்கள் என்று வகுத்து, யார் செய்யலாம் என்று வரையறுக்கிறது.

எந்த நாடானாலும் தருக்கம் ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி செய்தாரா என்பதற்குச் சிற்றூழியர் பொறுப்பு. சொன்னது சரியா, சொன்ன ஆள் சரியா, பிறகு பார்த்தாரா என்பதற்குத் தாதி பொறுப்பு. வாட்டில் வாயால் சொன்னது விசாரணையில் நிற்காது. என்ன வேலை, யாரிடம், எத்தனை மணிக்கு, எந்த எல்லையோடு கொடுக்கப்பட்டது என்று ரிக்கற்றில் ஒரு வரி இருந்தால்தான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது பங்காளி நிர்வாகம். சிற்றூழியர் நாளுக்கொரு வாட்டுக்கு மாற்றப்பட்டால், யார் எதைப் பழகியவர் என்று தாதிக்குத் தெரியவே வழியில்லை. பொறுப்புத் தாதியின் மேசையில் ஒரு தாள் இருந்தால் போதும்: இடப்பக்கம் சிற்றூழியர் பெயர்கள், மேலே வெப்பநிலை, சிறுநீர் அளத்தல், புரட்டல், ஊட்டல் என்று பணிகள், கட்டத்துக்குள் செய்து காட்டிய திகதியும் பார்த்த தாதியின் கையொப்பமும். வெறுமையான கட்டம் இருந்தால் அந்த வேலையை அன்றைக்கு அவருக்குக் கொடுப்பதில்லை. புதிதாக ஒருவர் வாட்டுக்கு வரும்போது மேற்பார்வையாளரும் அந்தத் தாளைப் பார்த்தே அனுப்ப வேண்டும். இதற்கு ஆளணியும் காசும் கூடுதலாகத் தேவையில்லை, ஒவ்வொரு மாதமும் ஒருவர் அதைப் புதுப்பிக்க வேண்டும்.